குழாயைத் திறந்து பார்த்தது யார்?

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போய், பிரீமியத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார் ஒருவர். அதெல்லாம் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இன்றைக்குப் பெரிய அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் யாரோ ஒருவர் கையில் நோட்டும் பேனாவுமாக வருகிறார். சிவப்புக் குழாய்களைப் பார்க்கிறார். வால்வைத் திருகிப் பார்க்கிறார். ஒரு அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். யாரும் அவரைக் கண்டுகொள்வதில்லை. டீ கூடக் கொடுப்பதில்லை. அவருடைய வேலைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தின் முக்கியமான முதல் அத்தியாயம் மேலே சொன்ன பேரம்தான்.

வருடம் 1835. இடம் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாகாணம். பேரம் பேசியவர் பெயர் ஸக்காரியா ஆலன். பஞ்சாலை முதலாளி.

அந்தக் காலத்துப் பஞ்சாலை என்பது கிட்டத்தட்ட பட்டாசுக் கடை மாதிரி. காற்று முழுக்கப் பஞ்சுத் தூசு. வெளிச்சத்துக்கு எண்ணெய் விளக்கு. மெஷினிலிருந்து ஒழுகிய எண்ணெயைக் குடித்துக் குடித்து ஊறிப் போன மரத் தளம். ஒரு பொறி போதும், கதை முடிந்தது. முதலாளிகளும் ‘எரிந்தால் இன்ஷூரன்ஸ் இருக்கிறது’ என்ற நிம்மதியில்தான் தொழில் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

ஆலன் அப்படி இல்லை. தன் மில்லில் மெல்லிய பலகைகளுக்குப் பதில் சீக்கிரம் தீப்பிடிக்காத தடித்த பலகைகளைப் போட்டார். ஒரு பகுதியில் பிடித்த தீ அடுத்த பகுதிக்குப் போகாமல் தடுக்கக் கனமான கதவு வைத்தார். தண்ணீர் அடிக்கப் பம்ப் வாங்கி வைத்தார். எல்லாம் சொந்தச் செலவு. ‘என் மில் எரிவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைவு. அப்படியானால் பிரீமியமும் குறைவாகத்தானே இருக்க வேண்டும்?’ என்பது அவருடைய வாதம். நியாயம்தானே?

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் நியாயம் வேறு. மில் என்றால் மில். எல்லோருக்கும் ஒரே ரேட். நல்ல மில்காரர் கட்டுகிற பணத்தில்தான் மோசமான மில்காரரின் நஷ்டத்தைச் சரிக்கட்ட வேண்டும். பொறுப்பாக இருப்பவருக்குப் பரிசு எதுவும் கிடையாது.

கோபித்துக்கொண்டு வெளியே வந்த ஆலன், தன்னைப் போலவே யோசிக்கிற மில் முதலாளிகளைச் சேர்த்துக்கொண்டு தனியாக ஒரு இன்ஷூரன்ஸ் ஆரம்பித்தார். லாபத்துக்கான கம்பெனி அல்ல. கிட்டத்தட்ட நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கம் மாதிரி. எல்லோரும் பணம் போடுவது. யார் மில் எரிந்தாலும் அந்தப் பணத்திலிருந்து கொடுப்பது. மிச்சம் இருந்தால் போட்டவர்களுக்கே திருப்பித் தருவது. பிற்பாடு எஃப்.எம். குளோபல் என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவிய இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் வேர் இதுதான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பக்கத்து ஊர்க்காரன் மில் எரிந்தால் என் பாக்கெட்டிலிருந்து பணம் போகும். அப்படியென்றால், பக்கத்து ஊர்க்காரன் மில்லில் பம்ப் ஓடுகிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிற அக்கறை எனக்குத் தானாக வந்துவிடும். வந்தது. மில் மில்லாக ஏறி இறங்கிச் சோதிக்கிற ஆட்கள் உருவானார்கள். சரியில்லாத மில்லுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. சட்டம் போட்டு வந்த வேலையல்ல இது. சொந்தப் பணம் போய்விடுமே என்ற பயத்தில் பிறந்த வேலை.

அடுத்த நாற்பது வருடங்களில் புதிதாக ஒரு சாமான் வந்து சேர்ந்தது. நியூ ஹேவன் என்ற ஊரில் பியானோ தொழிற்சாலை நடத்திக்கொண்டிருந்த ஹென்றி பார்மலி, 1874ல் தானியங்கி ஸ்பிரிங்க்ளர் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். கூரையில் தண்ணீர்க் குழாய். அதில் ஆங்காங்கே வாய். அந்த வாயை அடைத்திருப்பது, சூடு பட்டால் உருகுகிற ஒரு உலோகப் பற்று. தீப்பிடித்தால் பற்று உருகும். வாய் திறக்கும். தண்ணீர் கொட்டும். மனிதன் ஓடி வந்து எதையும் திறக்க வேண்டாம். 1881ல் ஃபிரடெரிக் கிரின்னெல் இதை இன்னும் மேம்படுத்தினார்.

சினிமாவில் ஒரு காட்சி அடிக்கடி வரும். ஹீரோ லைட்டரைக் காட்டுவார், உடனே பில்டிங் முழுக்க மழை பெய்யும். அது சும்மா. நிஜத்தில் எந்த வாய்க்குப் பக்கத்தில் சூடு ஏறுகிறதோ அது மட்டும்தான் திறக்கும். இன்றைக்குப் பரவலாக இருக்கிற, சிவப்புத் திரவம் அடைத்த கண்ணாடிக் குமிழ் வைத்த ஸ்பிரிங்க்ளர், சுமார் 68 டிகிரி செல்சியஸில் உடையும். மற்றவையெல்லாம் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சாமான் நல்ல சாமான். ஆனால் ஆளாளுக்கு ஒரு விதமாகப் பொருத்தினார்கள். பாஸ்டன் நகரைச் சுற்றி 100 மைல் தூரத்துக்குள் மட்டும் ஒன்பது விதமான குழாய் அளவுகள் புழக்கத்தில் இருந்தன. பிளம்பருக்குத் தலை சுற்றிவிடும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க இன்ஷூரன்ஸ்காரர்களும் ஸ்பிரிங்க்ளர்காரர்களும் உட்கார்ந்து பேசியதில், 1896ல் ஒரு சங்கம் பிறந்தது. தேசிய தீப் பாதுகாப்புச் சங்கம். சுருக்கமாக என்.எஃப்.பி.ஏ. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடி வரும்.

அதே 1896ல் கடலுக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்தில், இன்னொரு சம்பவம். பி.காம். படித்த எல்லோருக்கும் ஆடிட்டிங் பேப்பரில் வந்திருக்கும். கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு. அங்கேயும் பஞ்சாலைதான். மில்லில் இருக்கிற சரக்கின் மதிப்பை மேனேஜர் வருடக்கணக்காகக் கூட்டிக் கூட்டிக் காட்டியிருந்தார். ஆடிட்டர்கள் சரக்கை நேரில் போய் எண்ணிப் பார்க்கவில்லை. மேனேஜர் எழுதிக் கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அது தப்பா என்று வழக்கு. சந்தேகப்பட முகாந்திரம் இல்லாதபோது, பொறுப்பான அதிகாரி சொன்னதை ஆடிட்டர் நம்பலாம், தப்பில்லை என்று தீர்ப்பு வந்தது.

கணக்கு விஷயத்தில் அந்தத் தீர்ப்பு ரொம்ப நாள் ஓடியது. ஏனென்றால் கணக்கில் தப்பு இருந்தால் என்றைக்காவது ஒருநாள் திருத்திக்கொள்ளலாம். நஷ்டம் பணம்தான். ஆனால் ‘பம்ப் நன்றாக ஓடுகிறது’ என்று மேனேஜர் எழுதிக் கொடுத்ததை நம்பினால்? அது பொய்யென்று தெரிகிற நாளில் திருத்துவதற்கு நேரம் இருக்காது. தீயணைப்புச் சாமான்களில் இருக்கிற பெரிய சிக்கலே இதுதான். வேலை செய்கிற குழாயும் செத்துப் போன குழாயும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இரண்டுக்கும் ஒரே சிவப்புப் பெயின்ட். தீ வருகிற வரை வித்தியாசம் தெரியாது.

நியூயார்க்கில் அந்த வித்தியாசம் தெரிந்த நாள், 1911 மார்ச் 25. சனிக்கிழமை.

வாஷிங்டன் பிளேஸ் என்ற தெருவில் ஆஷ் பில்டிங். பத்து மாடி. மேலே மூன்று மாடிகளில் ட்ரையாங்கிள் என்ற கம்பெனி, பெண்களுக்கான சட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த யூத, இத்தாலியக் குடும்பங்களின் பெண்கள். பதினான்கு வயதுச் சிறுமிகள்கூட உண்டு.

சாயங்காலம் 4.40. வேலை முடிகிற நேரம். எட்டாவது மாடியில், துணி வெட்டுகிற மேஜைக்குக் கீழே இருந்த கழிவுத் துணிப் பெட்டியில் தீப்பிடித்தது. வாளியில் இருந்த தண்ணீரை ஊற்றிப் பார்த்தார்கள். கேட்கவில்லை. மேனேஜர் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த ஹோஸை இழுத்துக்கொண்டு வந்தார். வால்வைத் திறந்தார்கள்.

தண்ணீர் வரவில்லை.

எட்டாவது மாடியிலிருந்து பத்தாவது மாடிக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். அங்கேதான் முதலாளிகள் மேக்ஸ் பிளாங்கும் ஐசக் ஹாரிஸும் இருந்தார்கள். மொட்டை மாடி வழியாகத் தப்பித்துவிட்டார்கள். நடுவில் இருந்த ஒன்பதாவது மாடிக்கு யாரும் சொல்லவில்லை. அலாரமும் இல்லை. சுமார் 250 பேர் இருந்த அந்த மாடிக்குத் தகவல் சொன்னது தீதான்.

இரண்டு படிக்கட்டுகள். ஒன்றைத் தீ மறித்துவிட்டது. இன்னொன்றின் கதவு பூட்டியிருந்தது. வேலைக்காரப் பெண்கள் துணியைத் திருடிக்கொண்டு போய்விடக் கூடாது, எல்லோரும் ஒரே வழியாக, பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. பின்பக்கம் இருந்த இரும்பு ஏணி, ஆட்களின் பாரம் தாங்காமல் பிய்த்துக்கொண்டு விழுந்தது. தீயணைப்பு வண்டி சில நிமிடங்களில் வந்துவிட்டது. ஆனால் அதன் ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது. ஜன்னலில் நின்ற பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் குதித்தார்கள். கீழே பிடித்திருந்த வலைகள் கிழிந்தன.

மொத்தம் 146 பேர். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பில்டிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தீப்பிடிக்காத கட்டடம் என்று பெயர் வாங்கியது அது. பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. இன்றும் அதே இடத்தில் நிற்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வகுப்புகள் நடக்கின்றன.

இத்தனைக்கும், இரண்டு வருடங்களுக்கு முன்பே, 1909ல், ஒரு தீத்தடுப்பு நிபுணர் அந்தத் தொழிற்சாலைக்கு வந்து பார்த்திருந்தார். தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது என்று பயிற்சி கொடுங்கள் என்று சொல்லியிருந்தார். பயிற்சி கொடுக்கக்கூடியவர் முதலாளிகளுக்குக் கடிதமும் எழுதினார். பதில் வரவில்லை. கட்டடத்தில் ஸ்பிரிங்க்ளரும் இல்லை. வைக்கச் சொல்லிச் சட்டமும் இல்லை. ஆலன் காலத்து மில்காரர்கள் தங்களுக்குள் கட்டாயமாக்கிக்கொண்ட விஷயங்கள், எழுபத்தைந்து வருடம் கழித்தும் நியூயார்க்கின் மாடித் தொழிற்சாலைகளுக்கு வந்து சேரவில்லை. காரணம் எளிது. அங்கே இன்ஷூரன்ஸ் வேறு மாதிரி. புரோக்கருக்குக் கமிஷன், கட்டுகிற பிரீமியத்தில் இத்தனை சதவிகிதம். அபாயம் அதிகம் என்றால் பிரீமியம் அதிகம். பிரீமியம் அதிகம் என்றால் கமிஷன் அதிகம். இந்தக் கணக்கில் குழாயைத் திறந்து பார்க்க யாருக்கு அக்கறை வரும்?

வழக்கு நடந்தது. அந்த நேரத்தில் கதவு பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்று அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தாக வேண்டும். ஜூரிகள் திருப்தியாகவில்லை. டிசம்பர் மாதம் இருவரும் விடுதலை. விசாரணையில் ஹாரிஸிடம், திருட்டால் உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று கேட்டார்கள். 25 டாலருக்கு மேல் இருக்காது என்று அவரே ஒப்புக்கொண்டார். 1914ல் சிவில் வழக்கில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குக் கிடைத்தது, ஓர் உயிருக்கு 75 டாலர். முதலாளிகளுக்கு இன்ஷூரன்ஸில் கிடைத்ததோ, அவர்கள் காட்டிய நஷ்டத்தைவிடச் சுமார் 60,000 டாலர் அதிகம். உயிருக்கு 400 டாலர் வீதம் அவர்கள் லாபம் பார்த்த கணக்கு. இடையில், 1913ல், பிளாங்க் தன்னுடைய இன்னொரு தொழிற்சாலையில் மறுபடி கதவைப் பூட்டி மாட்டிக்கொண்டார். அபராதம் 20 டாலர்.

ஆனால் ஊர் சும்மா இருக்கவில்லை. நியூயார்க் மாகாணம் ஒரு விசாரணைக் கமிஷன் போட்டது. ராபர்ட் வாக்னர், ஆல் ஸ்மித் என்று இரண்டு அரசியல்வாதிகள் தலைமை. அவர்களோடு ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண்மணி. அன்றைக்குத் தெருவில் நின்று, பெண்கள் குதித்ததைக் கண்ணால் பார்த்தவர். கமிஷன்காரர்களைத் தொழிற்சாலை தொழிற்சாலையாக இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். அடுத்த சில வருடங்களில் சட்டங்கள் வரிசையாக வந்தன. கதவைப் பூட்டக் கூடாது. தீப் பயிற்சி கட்டாயம். உயரமான தொழிற்சாலைகளில் ஸ்பிரிங்க்ளர் கட்டாயம். 1933ல் இதே பெர்கின்ஸ் தொழிலாளர் துறை அமைச்சரானார். அமெரிக்க மந்திரிசபையில் முதல் பெண்.

சுபம் போட்டுவிடலாமா? முடியாது. சட்டம், சாமானை வாங்கி மாட்டச் சொல்லும். வாங்கியது வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்க, இன்னும் எண்பது வருடம் ஆனது.

1988 மே 4. லாஸ் ஏஞ்சலிஸில் 62 மாடி வங்கிக் கட்டடம். இரவு பத்தரை மணி சுமாருக்குப் பன்னிரண்டாவது மாடியில் தீ. கட்டடத்துக்கு ஸ்பிரிங்க்ளர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். கிட்டத்தட்ட 90 சதவிகித வேலை முடிந்துவிட்டது. ஆனால் அலாரத்தோடு இணைக்கிற வேலை பாக்கி இருந்ததால், வால்வுகளை மூடி வைத்திருந்தார்கள். கூரை முழுக்கக் குழாய், தண்ணீர் மட்டும் இல்லை. அலாரம் அடித்தது. காவலர்கள் அதை அணைத்தார்கள். மறுபடி அடித்தது. மறுபடி அணைத்தார்கள். பொய் அலாரம் என்று பழகிப் போன மனசு. என்னவென்று பார்த்துவிட்டு வா என்று பராமரிப்பு ஊழியர் ஒருவரை லிஃப்டில் அனுப்பினார்கள். பன்னிரண்டாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்தபோது எதிரே தீ. அவர் திரும்பி வரவில்லை. தீயணைப்புப் படைக்கு முதலில் போன் செய்தது, வெளியே இருந்து பார்த்தவர்கள். ஐந்து மாடிகள் எரிந்தன.

மூன்று வருடம் கூட ஆகவில்லை. 1991 பிப்ரவரி 23. ஃபிலடெல்ஃபியா நகரின் நட்ட நடுவில், மாநகராட்சிக் கட்டடத்துக்கு எதிரே, ஒன் மெரிடியன் பிளாசா. 38 மாடி. அன்றைக்கும் சனிக்கிழமை.

இருபத்திரண்டாவது மாடியில் மர வேலைப்பாடுகளுக்கு மெருகு போட்டவர்கள், ஆளி விதை எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த எண்ணெய்க்கு ஒரு குணம். காற்றோடு சேர்ந்து காயும்போது தானாகச் சூடேறும். குவியலாகக் கிடந்தால் சூடு வெளியே போக வழியில்லாமல் தானே பற்றிக்கொள்ளும். தீக்குச்சி தேவையில்லை. இரவு எட்டரை மணிக்குக் கொஞ்சம் முன்னால் அது நடந்தது.

மறுபடியும் அதே கதை. அலாரம் அடித்ததும் ஊழியர் ஒருவர் லிஃப்டில் மேலே போய்ப் பார்த்தார். கதவு திறந்ததும் புகையும் சூடும். நல்ல வேளையாகக் கையில் வாக்கி-டாக்கி இருந்தது. கீழே இருந்த காவலர் லிஃப்டைச் சாவி போட்டு இறக்கியதால் உயிர் பிழைத்தார். இங்கேயும் தீயணைப்புப் படைக்கு முதலில் சொன்னது தெருவில் போன ஒருவர்தான்.

வீரர்கள் வந்தார்கள். மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டரும் கை கொடுக்கவில்லை. லிஃப்ட் இல்லை. சாமான்களைத் தோளில் சுமந்துகொண்டு இருட்டில் இருபது மாடிக்கு மேல் ஏறினார்கள். ஹோஸை மாடிக் குழாயில் மாட்டி வால்வைத் திறந்தார்கள். தண்ணீர் வந்தது. ஆனால் பீய்ச்சி அடிக்கவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது மாதிரி வந்தது.

என்ன ஆச்சு? உயரமான கட்டடத்தில் உச்சி மாடிக்குத் தண்ணீர் ஏற வேண்டுமென்றால் கீழேயிருந்து பயங்கர அழுத்தத்தில் தள்ள வேண்டும். அப்படித் தள்ளினால் கீழ் மாடிகளில் ஹோஸைப் பிடிக்கிற ஆளையே தூக்கி அடித்துவிடும். அதனால் மாடிக்கு மாடி அழுத்தத்தைக் குறைக்கிற வால்வு வைப்பார்கள். எந்த மாடியில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதைச் சரியாகத் திருகி வைக்க வேண்டும். இங்கே தப்பாகத் திருகி வைத்திருந்தார்கள். வீரர்களின் கையிலிருந்த நாசிலுக்குச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தம் வேண்டும். வால்விலிருந்து வெளியே வந்ததே 60 பவுண்டுக்கும் குறைவு. மாற்றித் திருக வேண்டுமென்றால் அதற்கென்று தனிச் சாவி வேண்டும். அது தெரிந்த மெக்கானிக் வந்து சரி செய்தபோது தீ கை மீறிப் போயிருந்தது.

வெளியே இருந்து பார்த்தால் அந்த வால்வில் ஒரு குறையும் தெரியாது. துரு இல்லை. ஒழுகல் இல்லை. நோட்டுக்காரர் வந்து பார்த்திருந்தாலும் ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் எழுதியிருப்பார். பொருத்திய நாளுக்கும் எரிந்த நாளுக்கும் நடுவில், யாராவது ஒருவர் ஒரே ஒருமுறை ஒரு மீட்டரை மாட்டி, முழுசாகத் திறந்து விட்டுப் பார்த்திருந்தால், அரை மணி நேரத்தில் குட்டு உடைந்திருக்கும்.

அந்த இரவில், படிக்கட்டில் அடைந்த புகையை வெளியேற்ற வழி செய்வதற்காக மூன்று தீயணைப்பு வீரர்கள் மேலே போனார்கள். ஒரு கேப்டனும் இரண்டு வீரர்களும். கொஞ்ச நேரத்தில் வழி தெரியவில்லை என்று ரேடியோவில் சொன்னார்கள். முப்பதாவது மாடியில் இருக்கிறோம் என்றார்கள். தேடப் போனவர்களுக்கு அங்கே யாரும் கிடைக்கவில்லை. சிலிண்டரில் காற்று தீர்ந்து, இருபத்தெட்டாவது மாடியில் மூன்று பேரும் இறந்து கிடந்தார்கள். புகையில் மாடி எண்கூடத் தெரியவில்லை.

விடிந்தபோது, கட்டடமே இடிந்துவிடலாம் என்று பயந்து எல்லா வீரர்களையும் கீழே இறக்கிவிட்டார்கள். எட்டு மாடிகள் எரிந்து முடித்துத் தீ முப்பதாவது மாடிக்கு வந்தது. அங்கே நின்றது. அந்த மாடியை வாடகைக்கு எடுத்திருந்தவர்கள் கேட்டு ஸ்பிரிங்க்ளர் போட வைத்திருந்தார்கள். அதில் பத்து வாய் திறந்தது. வெளியே நின்ற தீயணைப்பு வண்டிகள் குழாய்க்குத் தண்ணீரை ஏற்றிக்கொண்டிருந்தன. 300க்கும் மேற்பட்ட வீரர்களால் முடியாததை அந்தப் பத்து வாய்கள் செய்துவிட்டன. மொத்தம் 19 மணி நேரம். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் யாரும் வேலை பார்க்கவே இல்லை. எட்டு வருடம் கருகிய எலும்புக்கூடாக நகரின் நடுவில் நின்று, 1999ல் இடிக்கப்பட்டது.

ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன என்.எஃப்.பி.ஏ. இப்போது வருகிறது. தீ அணைந்த அடுத்த வருடம், 1992ல், அவர்கள் ‘25’ என்ற எண்ணில் ஒரு புதிய விதித் தொகுப்பை வெளியிட்டார்கள். அதற்கு முன்பு ஸ்பிரிங்க்ளர் பராமரிப்பு பற்றி அவர்கள் சொல்லி வந்தது சிபாரிசு மட்டும்தான். செய்தால் நல்லது என்கிற ரகம். 25 அப்படியல்ல. ‘செய்தே ஆக வேண்டும்’ என்கிற மொழி. அது மூன்று வேலைகளைப் பிரித்து வைத்தது. ஒன்று, பார்ப்பது. இரண்டு, இயக்கிப் பார்ப்பது. மூன்று, பழுது வராமல் பார்த்துக்கொள்வது. முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வதுதான் உலக வழக்கம். ஒன் மெரிடியனில் வீரர்களைக் கைவிட்டது, இரண்டாவது வேலை நடந்திருந்தால் மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய ஒரு கோளாறு.

இந்த விதிகளைப் படித்தால் ஏதோ மாமியார் எழுதின மாதிரி இருக்கும். அவ்வளவு நுணுக்கம். டீசல் பம்பை வாரம் ஒருமுறை 30 நிமிடம் ஓட விட வேண்டும். சும்மா ஸ்டார்ட் செய்து அணைத்தால் போதாது, இன்ஜின் சூடேற வேண்டும். அழுத்தம் குறைக்கிற வால்வுகளை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை முழுசாகத் திறந்து தண்ணீர் விட்டு அளக்க வேண்டும். ஸ்பிரிங்க்ளர் வாயில் பெயின்ட் பட்டிருந்தால் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்ட வேண்டும், சுரண்டக் கூடாது. ஐம்பது வருடம் ஆன ஸ்பிரிங்க்ளர்களை மாற்ற வேண்டும், அல்லது சிலவற்றைக் கழற்றிச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பி, இன்னும் உயிர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீர் வரும் வழியிலுள்ள வால்வு திறந்திருக்கிறதா என்று அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னது ரொம்ப அற்பமாகத் தெரிகிறதா? அமெரிக்காவில் ஸ்பிரிங்க்ளர் வேலை செய்யாமல் போன தீ விபத்துகளை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அதில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் காரணம் ஒன்றுதான். யாரோ வால்வை மூடி வைத்திருந்தார்கள். ரிப்பேருக்காக மூடியிருப்பார்கள். ஒழுகுகிறது என்று மூடியிருப்பார்கள். திறக்க மறந்திருப்பார்கள். அவ்வளவுதான்.

விதி வந்துவிட்டது என்பதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். சோதனை செய்வதற்குப் பதில் கையெழுத்து மட்டும் போடுகிற வியாதி எல்லா நாட்டிலும் உண்டு. வாரம் ஒரு பெட்டி காலியாக இருக்கும். மாதக் கடைசியில் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், நான்கு கையெழுத்தும் விழும். ஆடிட் செய்தவர்களுக்கு இந்தக் கையெழுத்துகளைப் பார்த்தவுடன் அடையாளம் தெரியும். பம்ப்புக்கு அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரியாது.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. சுவரில் மாட்டியிருக்கிற சிறிய தீயணைப்பு சிலிண்டருக்கே இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 2190 என்று தனியாக ஒரு தொகுப்பு வைத்திருக்கிறது. எதை எங்கே மாட்டுவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது, எப்போது அழுத்தச் சோதனை செய்வது எல்லாம் அதில் உண்டு.

அதையெல்லாம் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நாளைக்கு ஆபீஸுக்குப் போனதும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். சிலிண்டரில் மீட்டர் இருந்தால் முள் பச்சையில் நிற்கிறதா என்று பாருங்கள். தொங்குகிற அட்டையில் கடைசித் தேதி என்ன என்று படியுங்கள். அவசர வழி என்று எழுதியிருக்கிற கதவைத் தள்ளிப் பாருங்கள். திறக்கிறதா, அல்லது பின்னால் பழைய கம்ப்யூட்டர் பெட்டிகள் அடுக்கியிருக்கிறார்களா? பிறகு நிர்வாகத்தில் யாரையாவது பிடித்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நம்ம பம்ப்பைக் கடைசியாக எப்போது ஓட விட்டுத் தண்ணீர் அடித்துப் பார்த்தீர்கள்?

ஒருவேளை பதிலுக்கு ஃபைலைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். வாங்கிப் பார்த்துவிட்டு, குழாய் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.